எண்ணெய்க் கப்பலுக்கு அனுப்பிய கற்பூரம்

நிறைந்த எண்ணெய்த் தொட்டியைவிடக் காலித் தொட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில் தெரிந்தது. ஐந்து மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என் மகன் இன்றைக்கும் கடற்படையில் இருந்திருப்பான்.

நான் திருத்தணி தபால் ஆபீசில் பார்சலும் ரிஜிஸ்டரும் வாங்குகிற குமாஸ்தா. கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் கேட்டால் தமிழில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வேன். கடலை நான் பார்த்தது மூன்று முறை. மூன்றும் மதராசில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைத்ததோடு சரி.

மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் ரயில்வேயில் சேர்த்துவிட நினைத்தேன். மணவூர் ஸ்டேஷனில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். காலை வண்டியில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். அவனோ மதராசுக்குச் சினிமா பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், கடற்படையில் சேர விண்ணப்பித்து, தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு திரும்பினான். மூன்று நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. நான்காம் நாள் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் சாப்பிடமாட்டான் போலிருந்தது.

பயிற்சி முடிந்ததும் அவனைப் போட்ட இடம் ஓர் எண்ணெய்க் கப்பல். போர்க்கப்பல் என்றால் பீரங்கி இருக்கும், போட்டோ பிடித்து அனுப்புவான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். வந்த போட்டோவில் இருந்தது நீளமான ஒரு தட்டைக் கப்பல். தளம் முழுக்கக் குழாய்களும் இரும்பு மூடிகளும். பின்பக்கம் ஒரே ஒரு புகைபோக்கி.

அது நம் நாட்டில் கட்டிய கப்பல் அல்ல. வேறு தேசத்தார் யுத்த காலத்தில் தங்களுக்கென்று கட்டத் தொடங்கி, யுத்தம் முடிந்ததும் வேண்டாமென்று போட்டுவைத்தது. நம்மவர்கள் வாங்கி, பழுது நீக்கி, சாம்பல் வர்ணம் அடித்து, வேலையில் இறக்கினார்கள். அதன் வேலை மற்றக் கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுப்பது. கரைக்கு வராமலே ஒரு போர்க்கப்பல் பல நாள் கடலில் இருக்க வேண்டுமானால் இது பின்னாலேயே போக வேண்டும். கொச்சி, பம்பாய், விசாகப்பட்டினம், திரிகோணமலை என்று அது போன இடமெல்லாம் என் மகனுடைய உறைகளின் மேல் முத்திரையாக விழுந்து என் ஜன்னலுக்கு வந்தது. நான் அவனுக்குப் போட்ட கடிதங்கள் சில, ஒரு துறைமுகத்தை அடித்து இன்னொன்று, அதையும் அடித்து மற்றொன்று என்று கப்பலைத் துரத்திப் போயின என்று எழுதுவான்.

எண்ணெய் கொடுக்கும் விதத்தை அவன் எழுதிய கடிதம் எனக்குப் பாதி மனப்பாடம். இரண்டு கப்பலும் நிற்காது. ஒரே வேகத்தில், ஒரே திசையில், நம் பஜார் தெரு அகலத்துக்கு இடைவெளி விட்டுப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். முதலில் மெல்லிய கயிறு எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு வரும். தடித்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரப்பர் குழாய் போகும். நடுவில் தண்ணீர் இரண்டு கப்பலின் வயிற்றிலும் மோதி, கொதிக்கிற மாதிரி எழும்பும். இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, வர்ணத் துணிகள் கட்டிய ஒரு கயிற்றை ஓர் ஆள் கையால் இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். தொய்யவிடக் கூடாது, அறுந்துபோகும்படி இழுக்கவும் கூடாது. அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் என் மகன்.

"மணிக்கணக்கில் நிற்க வேண்டும் நைனா. பக்கத்துக் கப்பல்காரன் முகம் நன்றாகத் தெரியும். பேச முடியாது, இரைச்சல். ஒருவன் எப்போதும் எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவான்" என்று எழுதியிருந்தான்.

இந்தக் கடிதங்களையெல்லாம் என் மனைவிக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அவளுக்குப் படிப்பில்லை. நாக்கைத் துருத்துகிறவனைப் படித்தேன். குழாய் பிய்த்துக்கொண்டால் வெட்டிவிடக் கோடாலி தயாராக இருக்கும் என்பதைப் படிக்கவில்லை. கப்பலில் ஏறும்போதே நெருப்புப் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பின்பக்கத்தில் ஒரே ஓர் அறையில்தான் பீடி சிகரெட், அங்கும் தீக்குச்சி கிடையாது, கனன்றுகொண்டிருக்கும் ஒரு கயிறு தொங்கும், அதில்தான் பற்ற வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அதையும் படிக்கவில்லை. அவள் பயப்படக் கூடாது என்று நினைத்தேன். உண்மையில் உரக்கப் படித்தால் எனக்கே பயமாக இருந்தது.

எங்கள் தபால்காரருக்கு அந்த விவஸ்தையெல்லாம் கிடையாது. பையைப் பிரித்துக் கடிதம் அடுக்கும்போது மகனுடைய உறை வந்தால் என் மேஜை மேல் விசிறிப் போடுவார்.

"இந்தா சாரு, உன் மவன் காயிதம். இன்னும் வெடிக்கல போலகீது."

"வாயைக் கழுவுய்யா."

"நான் இன்னா சொல்லிட்டேன்? ஊரு எண்ணெயெல்லாம் ஒரே பீப்பாயில ஊத்தி, அது மேல குந்திகினு போறான் புள்ள. பேசாத மணவூர்ல கொடி காட்டிகினு இருந்திருக்கலாம்."

அவர் வேடிக்கையாகச் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது சட்டியில் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

மகன் கடலுக்குப் போன வருஷத்திலிருந்து என் மனைவி ஒரு வேண்டுதல் செய்து வந்தாள். ஆடிக் கிருத்திகை அன்று மலைப்படி ஒவ்வொன்றிலும் மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு கற்பூரம் ஏற்றி மேலே போவாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. பூக்காவடிகள் இடித்துக்கொண்டு ஏறும் கூட்டத்தில் குனிந்து குனிந்து அவள் ஏறி முடிக்கப் பாதிப் பொழுது ஆகிவிடும்.

நான் சொல்லப்போகும் வருஷம், ஆனி மாதக் கடைசியில், கொச்சியிலிருந்து மகன் எழுதினான். கப்பலுக்கு வயதாகிவிட்டது, குழாய்கள் அரித்துவிட்டன, பழுது பார்க்கப் பம்பாய்க்குப் போகிறோம். எண்ணெய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம். தொட்டிகள் காலி. ஆடி முழுவதும் துறையில்தான் இருப்போம். இத்தனை நாள் அவன் எழுதிய கடிதங்களில் எனக்கு நிம்மதி தந்த கடிதம் அது ஒன்றுதான். இதை ஒரு வரி விடாமல் மனைவிக்குப் படித்தேன்.

அவள் விரல் மடக்கிக் கிருத்திகைக்கு நாள் எண்ணினாள்.

"அப்ப இந்த வாட்டி அவனும் ஒண்ணு ஏத்தட்டுங்க. நான் படியில ஏத்தற நேரத்துக்கு அவன் அங்க ஏத்தணும். அவனுக்காக நான் ஏத்திகினே கெடந்தா சாமி என் பேர்லதான எழுதிக்குவாரு? அவன் பேர்ல எப்ப எழுதறது?"

"கப்பல்ல அதெல்லாம் ஒத்துக்கமாட்டாங்க" என்றேன்.

"ஏன், அங்க சாமி கும்புடற ஆளே கெடையாதா?"

பதில் சொல்வதென்றால் இவ்வளவு நாள் படிக்காமல் விட்டதையெல்லாம் படித்துக் காட்ட வேண்டும். அதோடு, ஒளிக்காமல் சொல்கிறேன், அவள் சொன்னது எனக்கும் சரியென்று பட்டது. எங்கள் ஊரில் கற்பூரத்தை யாரும் நெருப்பென்று நினைப்பதில்லை. உள்ளங்கையில் ஏற்றிக் காட்டுகிறவர்கள் உண்டு. குழந்தைகளின் தலைக்கு மேல் சுற்றுகிறோம், ஓலைக் கூரைக்குக் கீழே காட்டுகிறோம். அது சுடும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கப்பலோ காலி. ஒரு வில்லை கற்பூரம், ஒரு நிமிஷம். அதனால் அவனுக்கு நல்லதுதான் வரும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் கனகம்மாசத்திரத்துக் கடைக்காரர் ஒருவர், தங்கைக்கு அனுப்ப வேண்டுமென்று ஒரு பார்சலை ஜன்னலில் வைத்தார். மணம் தூக்கிற்று.

"உள்ள என்ன?" என்றேன்.

"பூசை சாமான்தான் சாமி."

"கற்பூரம் இருக்கா?"

"ஆங், இருக்குது. கற்பூரம் இல்லாம பூசை சாமானா?"

"தீப்பிடிக்கிற பொருள் பார்சல்ல போகாது. எடுத்துட்டுக் கொண்டாங்க."

அவர் பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, திருத்தணியில குந்திகினு கற்பூரத்த வெடிகுண்டுங்கறாரு. மேல இருக்கறவரு கேட்டா சிரிப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் முனகிக்கொண்டே தையலைப் பிரித்தார்.

இரண்டு நாள் கழித்து என் பார்சலை நானே கட்டினேன். முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை, ஒரு ஜோடி பனியன், ஒரு தகர டப்பாவில் மலை விபூதி. விபூதிக்கு அடியில் கற்பூர வில்லை இரண்டு, காகிதத்தில் மடித்து. கப்பலில் தீக்குச்சி கிடைக்காதென்று எனக்குத் தெரியும் அல்லவா? ஆகவே ஐந்து தீக்குச்சியும், பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டையைக் கிழித்து அதையும் வைத்தேன். மேலே விபூதியைக் கொட்டி மூடினேன். டப்பாவுக்குள் ஒரு சீட்டு: கிருத்திகை அன்று காலை பத்து மணிக்கு, அம்மா படியேறும் நேரம், திருத்தணி இருக்கும் திசை பார்த்து ஏற்று. துணி சுற்றித் தைத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். உள்ளே இருப்பவை என்ற இடத்தில் என் கையாலேயே எழுதினேன்: தின்பண்டம், துணி, விபூதி. கவுண்டரில் வாங்கியவனும் நான், ரசீது கிழித்தவனும் நான்.

கற்பூரம் வைத்ததை மனைவியிடம் சொன்னேன். தீக்குச்சியைச் சொல்லவில்லை.

கிருத்திகை அன்று ஆபீசில் கூட்டம் தாங்கவில்லை. மதராஸ் வண்டிகளில் வந்து இறங்கியவர்கள் தந்தி கொடுக்கவும் கார்டு வாங்கவும் நெருக்கினார்கள். சரியாகப் பத்து மணிக்கு ரப்பர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னா சாரு, தூக்கமா?" என்று தபால்காரர் முதுகில் தட்டினார். அன்று அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இரண்டு வாரம் கடிதம் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. நாலே வரி. "டப்பாவில் இருந்ததோடு பிடிபட்டேன். கொச்சிக் கடைத்தெருவில் நானே வாங்கியதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சீட்டைக் கிழித்துக் கடலில் போட்டாயிற்று. யார் கேட்டாலும் எதுவும் எழுத வேண்டாம்."

ஏன் அப்படிச் சொன்னான் என்பது புரிய எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. பார்சல் மேல் என் கையெழுத்து, என் முத்திரை. தபால் குமாஸ்தாவே தீப்பிடிக்கிற பொருளை ஒளித்து அனுப்பினான் என்றால் வேலை போகும். வீட்டில் கலியாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். பிள்ளை இதையெல்லாம் யோசித்து, எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

மூன்றாம் நாள் கப்பலின் தளபதியிடமிருந்தே இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. தட்டெழுத்தில், மரியாதையான கடிதம். உங்கள் மகன் தொடக்கத்திலிருந்து இந்தக் கப்பலில் இருப்பவன், நல்ல உழைப்பாளி, பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. இப்போது அவன் மேல் உள்ள குற்றம் சிறியதல்ல. கடையில் வாங்கியதாகச் சொல்கிறான், எந்தக் கடை என்று கேட்டால் மாற்றி மாற்றிச் சொல்கிறான். வீட்டிலிருந்து யாராவது விவரம் தெரியாமல் அனுப்பியிருந்தால் அதைத் தெரிவிப்பது அவனுக்கு உதவும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒரு வரி எழுதினால் போதும். நான் அனுப்பினேன், அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மகன் எழுத வேண்டாமென்றானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சொன்னதற்கு மாறாக எழுதினால் அவன் பொய் சொன்னதாகிவிடுமே, அது இன்னும் கெடுதலாயிற்றே என்றும் சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் நியாயம்போல இருந்தது. ஆனால் அந்தக் கார்டைப் படித்ததும் முதலில் என் மனதில் வந்தது நிம்மதி. அது மகனுக்காக வந்ததல்ல.

"இவ்விஷயமாக எனக்கு எதுவும் தெரியாது" என்று பதில் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். தப்பு ஒன்றுமில்லை. நானே முத்திரை குத்திப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "கப்பல்ல இருந்து காயிதம் வந்துச்சாமே? தபால்காரரு சொன்னாரு. இன்னா போட்டுகீது?"

"நல்லா வேலை செய்யறானாம்" என்றேன். அந்தக் கடிதத்தில் அதுவும்தான் இருந்தது.

கார்த்திகை மாதம் அவன் ஊருக்கு வந்தான். தோளில் ஒரு கான்வாஸ் பை, முடி ஒட்ட வெட்டியிருந்தது. கைதிக் கூடத்தில் சில வாரம் வைத்திருந்தார்கள், பிறகு கரையில் ஓர் ஆபீசில் போட்டார்கள், பிறகு பணிக்குத் தேவையில்லை என்று தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, "முழுசா எறங்கி வந்துட்டான். என் கற்பூரம் வீண் போகல" என்று அழுதாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பகலில் அவன் குளிக்கக் குளத்துப் பக்கம் போனபோது நானும் கூடப் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏத்தினியா?"

"பைத்தியமா நைனா? அதப் பாத்ததுமே டப்பாவ மூடிட்டேன்."

"அப்புறம் எப்படிப் பிடிச்சாங்க?"

"தூக்கிப் போடப் போவும்போதுதான். வந்த அன்னிக்கே கடல்ல போட்டிருக்கணும். சாமி பொருளாச்சே, நீங்க அனுப்பினதாச்சேன்னு வெச்சிகினே இருந்துட்டேன். கிருத்திகை அன்னிக்குக் காலையில மனசு கேக்கல. போட்டுறலாம்னு எடுத்துகினு மேல வந்தேன். துறைக்குள்ள போவறதுக்கு முன்னாடி பம்பாய்க்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னுகினு இருந்துது கப்பலு. தொட்டி மூடியெல்லாம் தொறந்து வெச்சிருந்தாங்க, ஆவி வெளிய போவட்டும்னு. நான் அதத் தாண்டித்தான் ஓரத்துக்குப் போவணும். கையில தீக்குச்சியோட தொறந்த மூடிகிட்ட நிக்கறேன், எதுத்தாப்ல அதிகாரி."

"தொட்டிதான் காலியாச்சே" என்றேன். இதைச் சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் தெரியாது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கவுண்டரில் தப்பு விலாசம் எழுதிக் கொண்டுவருகிறவர்களை நான் பார்ப்பேனே, அப்படி.

"நைனா, ரொம்பியிருந்தா பயமில்ல. அந்தக் கருப்பெண்ணெ லேசுல பத்தாது. காலியாயிடுச்சுன்னாதான் உள்ள ஆவி நிக்கும். அதுக்கு ஒரு பொறி போதும். கப்பல்ல எண்ணெ இறக்கினப்புறம்தான் எல்லாரும் ரொம்ப ஜாக்கிரதையா இருப்பாங்க. எங்க ஆளுங்க ஏழெட்டுப் பேரு அன்னிக்குத் தொட்டி வாயிலயே வேல செஞ்சிகினு இருந்தாங்க."

குளத்தில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கப்பல் காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அவன் என் பேச்சைக் கேட்டுச் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிற பிள்ளையாக இருந்திருந்தால்? இது இன்றைக்கும் திடீரென்று நினைவுக்கு வரும். நடந்து கொண்டிருந்தால் நின்றுவிடுவேன்.

தளபதி எனக்கு எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டும்.

சில மாதங்களில் அவன் திருப்பதி பஸ் ஒன்றில் கண்டக்டர் ஆனான். காக்கிச் சட்டை அவனுக்குப் பொருந்தத்தான் செய்தது. பிரயாணிகளோடு சண்டை போடமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். கப்பலைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பேப்பரில் கடற்படை பற்றி ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போவான். நான்தான் அதை விரித்துப் படிப்பேன். பழுது பார்த்து முடித்து அந்தக் கப்பல் மறுபடி கடலுக்குப் போயிருந்தது. போர்க்கப்பல்கள் வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு நல்லெண்ணப் பயணம் போன செய்தியில், கடைசி வரியில், கூடவே எண்ணெய்க் கப்பலும் சென்றது என்று இருக்கும். பெயர்கூடச் சில சமயம் இருக்காது. அந்த வர்ணத் துணிக் கயிற்றை இப்போது யார் பிடிக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

பெண்ணுக்குப் புத்தூரில் கலியாணம் முடிந்தது. நான் ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான் இருந்தது. அப்போதுதான் எழுதத் துணிந்தேன். இனி எனக்குப் பெரிதாக ஒன்றும் போகாது என்ற நிலை வந்த பிறகு வந்த துணிச்சல் அது. அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாலு பக்கம் எழுதினேன். பார்சல் கட்டியது நான், ஒளித்து வைத்தது நான், கேட்டபோது தெரியாதென்றதும் நான், அவன் அதை எறியத்தான் எடுத்துப் போனான். கப்பலின் பெயர், கமாண்டிங் ஆபீசர், கடற்படைத் தபால், பம்பாய் என்று விலாசம் எழுதி ரிஜிஸ்டர் செய்தேன்.

ஐந்து வாரம் கழித்து என் உறை என் ஜன்னலுக்கே திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருந்தது: கப்பல் பணியிலிருந்து நீக்கப்பட்டது, அனுப்பியவருக்கே திருப்புக. திரும்பி வந்த கடிதங்களை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன். விலாசதாரர் இறந்துவிட்டார் என்று எழுதி வந்ததை நீட்டும்போதுகூட என் கை நின்றதில்லை. அன்று தபால்காரர் கேலி எதுவும் செய்யாமல் உறையை மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மகன் சாப்பிட வந்திருந்தான். சாயங்கால டிரிப்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மனைவி அண்டை வீட்டுக்குப் போயிருந்தாள். உறையை அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னா இது?"

"படி."

அவன் கை கழுவிவிட்டு வந்து பிரித்தான். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான். தளபதி எனக்கு எழுதியதும், நான் தெரியாதென்று பதில் எழுதியதும் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் கண் நின்றது தெரிந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு உங்களுக்கு எழுதினாரா?" என்றான்.

"எழுதினாரு."

"எப்ப?"

"நீ உள்ள இருக்கும்போது."

அவன் தாள்களை மடித்து உறைக்குள் வைக்கப் பார்த்தான். சரியாக நுழையவில்லை. மறுபடி எடுத்து, மடிப்பை நேராக்கி வைத்தான்.

"நான்தான எழுத வேணாம்னேன்" என்றான் கடைசியில்.

"நீ சொன்னதுக்காக நான் எழுதாம இருக்கல."

"தெரியுது." பிறகு உறையைத் திருப்பி அந்தச் சிவப்பு மையைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் மாறிற்று. "கப்பலு எங்க போச்சாம்?"

"அதெல்லாம் போடல."

"உடைக்கப் போறாங்களா? இல்ல எங்கனா துறைமுகத்துல கட்டி வெச்சு எண்ணெ ரொப்பி வெக்கறாங்களா? பழசாயிட்டா அப்படியும் செய்வாங்க."

"தெரியலப்பா."

அவன் உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ வருஷம் கழித்துக் கப்பலைப் பற்றிப் பேசினான். என்னிடம் பேசினான் என்றுகூடச் சொல்ல முடியாது, சுவரைப் பார்த்துத்தான் பேசினான். ஒரு கப்பலை வேலையிலிருந்து எடுக்கும் நாளில் எல்லோரும் வெள்ளை உடுப்போடு தளத்தில் வரிசையாக நிற்பார்கள். சூரியன் இறங்குகிற நேரத்தில் கொடியை மெள்ள இறக்குவார்கள். முதல் நாளிலிருந்து அதில் வேலை செய்தவர்களை முன்வரிசையில் நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவர்கள் அந்தக் கப்பலில் கடைசியாக நாலு பேர் இருந்தார்கள், அதில் ஒருவன் அவன்.

"மூணு பேருதான் நின்னிருப்பாங்க" என்றான்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. வந்திருந்தால் அது அவனுக்கு இன்னொரு வேலையாகியிருக்கும். எனக்கு ஆறுதல் சொல்லும் வேலை. எழுத வேண்டாமென்றது நான்தானே என்று அவன் அதை ஒரு முறை செய்தது போதும்.

பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பினான்.

"நைனா, ஒண்ணு செய்யறீங்களா? அது இப்ப எங்க இருக்குதுன்னு கேட்டு ஒரு காயிதம் எழுதுங்க. எந்த ஆபீசுக்கு எழுதணும்னு உங்களுக்குத் தெரியும். பம்பாயில இருக்குதுன்னா ஒரு வாட்டி போயி பாத்துட்டு வரேன்."

அவன் ஊருக்கு வந்த பிறகு என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. பஸ் கிளம்புவதற்கு முன்பே எழுதி முடித்தேன். இந்த முறை உண்மையை நாலாம் பக்கம் வரை இழுக்கவில்லை. அவன் குற்றமற்றவன், குற்றம் என்னுடையது என்பதை முதல் வரியிலேயே எழுதி, அதற்குக் கீழே கப்பல் எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை வேறு வேறு ஆபீசுகளுக்கு எழுதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் புத்தகத்தைச் சரி பார்த்துக்கொண்டே, "வந்துச்சா நைனா?" என்று கேட்பான். "இன்னும் இல்லப்பா" என்பேன். அவன் தலையை ஆட்டிவிட்டு விசில் ஊதுவான். பஸ் கிளம்பும்.